மழை தின்னும் மலை

குந்தித் தின்னா குன்றும் மாளும்னு ஒரு சொலவடை இருக்குது கண்ணு. நீ கேட்டிருப்பே. உன்ற அப்பன் உன்னயப் பாத்து அன்னாடம் சொல்றதுதான் அது. ஆனா அந்தச் சொலவடையைக் கட்டுனவன் ஒருநாளும் குன்றைத் தின்னு பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மேல இருந்து தின்னத் தின்ன, அது கீழ இருந்து எந்திரிச்சு வருது.

சிரிக்கறதுன்னா சிரிச்சுக்க. நீ போன்ல காட்டுன படத்துலயும் அதைத்தான சொல்றாங்க? எவரெஸ்டு வளந்துட்டே இருக்குதாமா. அதுக்கு ஒரு ஆறு காரணமாமா. பின்னால தம் தம்முனு ஒரு கொட்டுச் சத்தம், கரகரன்னு ஒரு குரலு, கடைசியில 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி'ன்னு செவப்பு எழுத்து. ஏங்கண்ணு, இந்த விஞ்ஞானிங்க எப்பப் பாத்தாலும் அதிர்ச்சியிலயே இருக்கறாங்களே, அவிய ஊட்ல யாரும் வைத்தியம் பாக்கறதில்லயா?

சேதி பொய்யில்ல. 2024 செப்டம்பர் கடைசியில நேச்சர் ஜியோசயின்ஸ்ங்கற ஆய்வு இதழ்ல வந்ததுதான். என்ற பேத்தி புவியியல் படிக்குது. அது தூங்குன பொறவு அதோட புஸ்தகத்தைக் களவாண்டு படிக்கறதுதான் இந்தக் கெழவனுக்கு ராத்திரிச் சோலி. அதனால சொல்றன். எவரெஸ்டுல இருந்து 75 கிலோமீட்டர் தள்ளி அருண்னு ஒரு ஆறு ஓடுது. சுமாரா 89,000 வருசத்துக்கு முன்னால, தெக்கால ஓடுன ஒரு ஆறு மேல மேல அரிச்சுட்டே போயி, வடக்கால ஓடுன இன்னொரு ஆத்துத் தண்ணியைத் தம்பக்கம் இழுத்துக்கிச்சாம். வரப்பை வெட்டிப் பக்கத்துக் காட்டுத் தண்ணியைத் திருப்பற வேலை நம்மாளுக மட்டும் கண்டுபுடிச்சதுன்னு நெனச்சியா? தண்ணி எச்சானதும் பள்ளத்தாக்கு நெம்ப ஆழமாப் போச்சு. அத்தனை கல்லும் மண்ணும் கழிஞ்சதுல பாரம் கொறஞ்சுது. சுத்துவட்டாரமே எந்திரிச்சுது. எவரெஸ்டுக்கு இதுல கெடச்சது 15 மீட்டர்ல இருந்து 50 மீட்டருக்குள்ளன்னு கணக்குப் போட்டிருக்காங்க. வருசத்துக்குப் பாத்தா அரை மில்லிமீட்டர் தேறுனாப் பெருசு.

ஆனா ஒண்ணு. மலையையே தூக்கி நிறுத்துனது ஆறுன்னு போயிப் பழமை பேசிராதே. அதைச் செஞ்சது இந்தியா. சுமாரா 5 கோடி வருசத்துக்கு முன்னால போயி ஆசியா மேல மோதுனது, இன்னும் தள்ளறதை விடல. 8,849 மீட்டர்ல ஆறு குடுத்தது மேல் சில்லறைதான்.

அந்தச் சில்லறைக் கணக்கும் புதுசில்ல, தெரியுமா? வேஜர்னு ஒரு இங்கிலீஸ்காரரு. கல்லு பாக்கற படிப்பு. 1933ல எவரெஸ்டு ஏறப் போனவிய கூட்டத்துல இருந்தவரு. 8,500 மீட்டருக்கு மேல, ஆக்சிசன் பாட்டில் இல்லாம ஏறுனவரு. ஏறுனமா எறங்குனமா, ஒரு போட்டோ எடுத்தமான்னு வராம, இதே அருண் ஆத்தைப் பாத்து ரோசனை பண்ணியிருக்காரு. பள்ளத்தாக்குக வெட்டுப்பட்டுப் பாரம் கொறஞ்சதுலதான் பக்கத்துச் சிகரமெல்லாம் இப்படி எந்திரிச்சு நிக்குதோன்னு 1937ல எழுதி வெச்சுட்டாரு. இப்ப வந்தவிய பெரிய வேலை செஞ்சிருக்காங்க, இல்லைங்கல. ஆறு மாறுன காலத்தையும் எந்திரிச்ச அளவையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்காங்க. ஆனா அதிர்ச்சியாகறதுக்கு எல்லாருமா சேந்து தொண்ணூறு வருசம் தாமசம்.

அதுக்கும் முந்தி இந்தக் கணக்கு எங்க தொடங்குச்சு தெரியுமா? லண்டன்ல இல்ல. அமெரிக்காவுல இல்ல. மெட்ராஸ்ல. பரங்கிமலை அடிவாரத்துல.

1802. லாம்டன்னு ஒரு கம்பெனிப் பட்டாளத்துக்காரரு. கம்பெனின்னதும் பனியன் கம்பெனின்னு நெனச்சுக்காதே. ஊரையே புடிச்ச கம்பெனி. பரங்கிமலை பக்கத்துல 100 அடி இரும்புச் சங்கிலியை நீட்டி நீட்டி, ஏழரை மைலுக்கு ஒரு கோடு அளந்தாரு. அந்த ஒரு கோட்டை வெச்சு முக்கோணம் முக்கோணமாப் போட்டு இந்தியா பூராவும் அளக்கறது திட்டம். கூட அரை டன் கனத்துல ஒரு தியோடலைட்டு. ஒவ்வொரு மலைக்கும் ஆளுக தூக்கிட்டுப் போகோணும். மலை இல்லாத ஊர்ல? கோயில் கோபுரம். 1808ல தஞ்சாவூர்ப் பெரியகோயில் கோபுரத்துக்கு மேல கவுறு கட்டித் தூக்கியிருக்காங்க. கவுறு அந்துபோயி கருவி செவுத்துல மோதி நசுங்கிப் போச்சு. மனுசன் அசரல. கூடாரத்துக்குள்ள உக்காந்து பல்லுப் பல்லா நிமித்தி மறுபடி ஓட்டுனாரு. உன்ற போன் கண்ணாடி கீறல் உழுந்ததுக்கு ரெண்டு நாள் சோறுங்காம இருந்தியே, அது நெனப்புக்கு வந்துச்சு.

அவிய நம்ம கோயமுத்தூர்ச் சீமை வழியாத்தான் கன்னியாகுமரிப் பக்கம் போனாங்க. இந்தக் கரிசலும் செவலையும் பூரா அளந்துட்டுத்தான் போனாங்க. நம்ம பாட்டன்மாரு என்னன்னு நெனச்சிருப்பாங்க? வரிபோட வந்திருக்கான்னுதான். அதுவும் தப்பில்ல.

லாம்டன் 1823ல கண்ணை மூடிட்டாரு. பொறவு எவரெஸ்டு வந்தாரு. ஜார்ஜ் எவரெஸ்டு. மலைக்கு இவரு பேரை வெச்சாங்க. கணக்குப் போட்டு உசரம் கண்டுபுடிச்சது ராதாநாத் சிக்தார்னு ஒரு வங்காளத்து மனுசன். பேரு ஒருத்தருக்கு, வேலை ஒருத்தருக்கு. அதைத் திருப்பூர்க்காரனுக்கு நான் வெளக்கோணுமா? தைக்கறது இங்க, சீட்டு ஒட்டறது எந்த ஊருப் பேரோ.

சரி, எவரெஸ்டு காலத்துல ஒரு சிக்கலு. வடக்கால இமயமலைக்குப் பக்கமா கலியானான்னு ஒரு ஊரு, தெக்கால மத்தியப் பிரதேசத்துப் பக்கம் கலியான்பூர்னு ஒரு ஊரு. ரெண்டுக்கும் நடுவால 600 கிலோமீட்டர். சங்கிலியும் முக்கோணமும் வெச்சு அளந்தா ஒரு கணக்கு வருது. நட்சத்திரம் பாத்து அளந்தா வேற கணக்கு வருது. வித்தியாசம் அஞ்சேகால் விநாடிக் கோணம். நிலத்துல 160 மீட்டர் மாதிரி. நம்மூட்டு சைட்டுன்னா 160 மீட்டருக்குக் கொலையே உழுந்திருக்கும். எவரெஸ்டு, அளக்கறப்பக் கொஞ்சங் கொஞ்சமாச் சேந்த பிசகுன்னு சொல்லிட்டாரு.

பிசகு கைவேலையில இல்ல கண்ணு. தூக்குக்குண்டுல. நட்சத்திரத்தை அளக்கோணும்னா நேர்க்கீழ எதுன்னு மொதல்ல தெரியோணும். அதுக்குத் தூக்குக்குண்டு. கொத்தனாரு செவுத்துக்குப் புடிக்கறாரே, அதேதான். அது நேராத் தொங்கும்னுதான நாம நம்பறோம்? பக்கத்துல ஒரு பெரிய மலை இருந்தா அது குண்டைத் தம்பக்கம் இழுக்கும். இத்துனூண்டு. ஆனா இழுக்கும். இமயமலை இழுத்திருக்குது.

இதுல வந்து மூக்கை நொழச்சவரு கல்கத்தாவுல இருந்த ஒரு பாதிரியாரு. பிராட். ஜான் ஹென்றி பிராட். ஞாயித்துக்கெழமை பிரசங்கம், மத்த நாள்ல கணக்கு. இமயமலை எவ்வளவு பெருசு, எவ்வளவு கனம், எவ்வளவு தூரம்னு எல்லாத்தையும் கையில கூட்டிப் பெருக்கிப் பாத்தாரு. மலை அந்தக் கனம் இருந்தா வித்தியாசம் கிட்டத்தட்ட 16 விநாடி வந்திருக்கோணும். வந்தது அஞ்சேகால். மூணுல ஒரு பங்கு! இத்தாம் பெரிய மலை, குண்டை இழுக்கறதுக்கு வலுவில்லாம நிக்குது. ஆளு வாட்டசாட்டமா வந்து நின்னான், தராசுல ஏத்துனா முள்ளு நவுரல.

1855ல அந்தக் கணக்கு அச்சாச்சு. கிரீன்விச்சுல ஏரின்னு அரசாங்க வானநூல்காரரு. அதே வருசம் நாலே பக்கத்துல பதில் எழுதிட்டாரு. இதுல ஆச்சரியமே இல்ல, நாம முந்தியே எதிர்பாத்திருக்கோணும்னுட்டாரு. நடந்து முடிஞ்ச பொறவு அப்படிச் சொல்ற ஆளு நம்ம டீக்கடையிலயும் ஒருத்தர் இருக்காரு. ஆனா ஏரி காரணமும் சொன்னாரு. மலைங்கறது கெட்டித் தரை மேல வெச்ச கல்லு இல்ல. அடியில இருக்கற எடை கூடுன பாறை மேல எடை கொறஞ்ச பாறை மெதக்குது. மேல எவ்வளவு எந்திரிச்சு நிக்குதோ, அதுக்குப் பல மடங்கு அடியில எறங்கியிருக்குது. கண்ணுக்குத் தெரியற மலை மேல்மிச்சம். மலையோட முக்காவாசிக்கு மேல, ஆறுல அஞ்சு பங்கு, நெலத்துக்குள்ள. சமவெளியில 35, 40 கிலோமீட்டர் கனத்துல இருக்கற மேலோடு, திபெத்துக்கு அடியில 70 கிலோமீட்டர் வரைக்கும் போகுது. அந்த வேர்ப் பகுதி எடை கொறஞ்சதுங்கறதாலதான் குண்டு எதிர்பாத்த அளவு சாயல.

பிராட் பாதிரியாரு ஒத்துக்கிட்டாரா? இல்ல. வேர் எல்லாம் இல்ல, உசரமான எடத்துல பாறையே லேசானதுன்னு 1859ல அவரு ஒரு கணக்குச் சொன்னாரு. ரெண்டு பேர் சொன்னதுலயும் சத்து இருக்குது. இமயமலைக்கு ஏரி கணக்கு பொருந்துது. கடலடியில பிராட் கணக்குக்கும் எடம் இருக்குது. இந்த மெதக்கற சமாச்சாரத்துக்கு ஐசோஸ்டஸின்னு பேரு வெச்சது அமெரிக்காவுல டட்டன்னு ஒருத்தரு, 1889ல. சரக்கு நம்முது, சீட்டு அவியளுது. மறுபடியும்.

இதுக்காக உசுரை விட்டவரும் இருக்காரு. பேசெவின்னு ஒரு அளவைத் துறைக்காரரு. 1865ல இருந்து ரெண்டு ஊசலைத் தூக்கிட்டு இந்தியா பூராவும் சுத்துனாரு. ஊசல் வேகமா ஆடுனா இழுப்பு எச்சு, மெதுவா ஆடுனா கம்மி. அவ்வளவுதான் வித்தை. கன்னியாகுமரிப் பக்கத்துல இருந்து வடக்கு வரைக்கும் ஆடவுட்டு எண்ணுனாரு. 1871ல லடாக்குல மோரேன்னு ஒரு மேட்டு வெளி, 15,000 அடிக்கு மேல. அங்க ஊசலை ஆடவுட்டாரு. ஆட்டம் எதிர்பாத்ததை விட மெதுவு. அத்தனை மலைக்கு மேல நின்னும் இழுப்பு கம்மி. மலை உள்ளுக்குள்ள பொக்கையோன்னு நெனக்கற அளவுக்குக் கம்மி. கடலோரத்துல எண்ணுனது அப்படியில்ல. அந்தக் குளுர்லயே சூலை மாசம் மனுசன் செத்துப்போனாரு. இன்னிக்கு லடாக்குக்கு மோட்டார் சைக்கிள்ல போயி, கொடியைப் புடிச்சு 'மலையை வென்றேன்'னு ஸ்டேட்டஸ் போடறானுக. சாமி, மலைக்கு நீ வந்ததே தெரியாது.

இப்ப நம்ம சங்கதிக்கு வாரன். சித்தெ இந்த ராயபுரம் சந்துல நின்னு பாரு. எக்ஸ்போர்ட்டுக்குப் போற டெம்போ நிக்குதே, அட்டைப்பெட்டி ஏத்திட்டு. ஒவ்வொரு பெட்டி ஏத்தறப்பவும் வண்டி அமுங்குது பாத்தியா? அடியில ஸ்பிரிங்கு எறங்குது. கூரை அளவுக்கு அடுக்கியாச்சு. இப்பச் செக்கிங்ல தப்புன்னு சொல்லி நடு வரிசைப் பெட்டியெல்லாம் எறக்கறாங்கன்னு வெச்சுக்க. ஓரத்துப் பெட்டியைத் தொடல. என்னாகும்? வண்டி எந்திரிக்கும். ஆரும் தொடாத அந்த ஓரப் பெட்டி, முன்ன இருந்ததை விட உசரத்துக்குப் போகும். போயி நம்ம கேபிள்காரன் தொங்கவுட்ட ஒயர்ல முட்டும். சரக்கு கொறஞ்சுது, உசரம் கூடுச்சு. இதுல மந்திரம் இருக்குதா? அதிர்ச்சி இருக்குதா? லோடுமேன் ஒருத்தனும் இதுக்கு அதிர்ச்சியாகி நான் பாத்ததில்ல.

நடு வரிசைதான் பள்ளத்தாக்கு. ஓரப் பெட்டிதான் சிகரம். எறக்கற ஆளு மழையும் ஆறும்.

ஆனா கணக்கைச் செரியா வெச்சுக்க. இதைக் கேட்டுட்டு 'இழப்பதெல்லாம் உயர்வதற்கே'ன்னு ஒரு பொன்மொழி எழுதி, சூரியன் மொளைக்கற படத்தோட காலங்காத்தால எனக்கு அனுப்பிராதே. மலை மொத்தத்துல நட்டத்துலதான் ஓடுது. மேலோட்டுப் பாறை தண்ணியை விட ரெண்டே முக்கால் மடங்கு கனம். அடியில இருக்கற பாறை மூணு புள்ளி மூணு மடங்கு. அதனால மேல 1,000 மீட்டர் கனத்துக்கு வழிச்சு எடுத்தா, கீழ இருந்து 830 மீட்டர் மாதிரி எந்திரிச்சு வரும். மலையோட சராசரி உசரம் கொறையறது மிச்சம் 170 மீட்டர்தான். திருப்பிச் சொல்றன். ஒரு மலைநாட்டை 1,000 மீட்டர் தாழ்த்தோணும்னா மேல 6,000 மீட்டர் பாறையைக் கழிச்சாகோணும். அந்தச் சொலவடை பொய்யில்ல, குன்று மாளும். ஆனா அது சொன்னதை விட ஆறு மடங்கு தின்னோணும்.

சிகரம் மட்டும் எந்திரிக்கறது எப்போன்னா, பள்ளத்தாக்கு வெட்டுப்பட்டு மேடு தப்பிச்சா. மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி தேஞ்சா எல்லாம் சேந்து தாழும். இந்த நொணுக்கம் படத்துல சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. அது 30 விநாடிக்குள்ள அடங்காது.

இன்னொண்ணு. அடியில இருக்கறது தீக்கொழம்புக் கடலுன்னு நெனச்சுக்காதே. பாறைதான். கெட்டிப் பாறை. சூட்டுல லட்சக்கணக்கான வருசத்துக்கு நவுரும், அவ்வளவுதான். மேலோடும் வெறைப்பான தகடு. நொய்யல்ல நாலு லாரி மணல் திருடுனா கோயமுத்தூரு உசந்துருமா? உசராது. நூறு கிலோமீட்டர் மாதிரி அகலத்துக்குப் பாரம் போனாத்தான் அது அசையும். நம்மாளுக திருடறதுல அந்த அளவு இன்னும் வரல. வந்துருவாங்க.

நம்ப முடியலன்னா வடதுருவத்துப் பக்கம் பாரு. சுவீடன், பின்லாந்து. முந்தி அங்க கிலோமீட்டர்க் கணக்குல பனிக்கட்டி கனத்துக் கெடந்துது. பத்தாயிரம் வருசத்துக்கு முன்னால கரைஞ்சு போச்சு. நெலம் இன்னும் எந்திரிச்சுட்டே இருக்குது. சில எடத்துல வருசத்துக்கு ஒரு செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. லூலியோன்னு ஒரு ஊரு. நெலம் எந்திரிச்சுத் துறைமுகத்துல தண்ணி வத்திப்போயி, 1649ல ஊரையே கடலோரமாத் தள்ளிக் கொண்டுபோனாங்க. கடலுக்குள்ள இருந்து புதுசு புதுசா நெலம் மேல வருது. நம்மூரு சைட்டு புரோக்கருக்கு இந்தத் தாக்கல் போகாமப் பாத்துக்க. போச்சுன்னா, 'இன்னும் அம்பது வருசத்துல கரையேறும், இப்பவே புக்கிங்'னு போர்டு வெச்சுருவான்.

இமயமலை, சுவீடன்னு எதுக்குச் சுத்தோணும்? தெக்கால திரும்பு. உடுமலைப் பக்கம் போனா ஆனைமலை கண்ணு முன்னால நிக்குது. வடமேக்கால நீலகிரி. ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637. இது மோதி எந்திரிச்ச மலை இல்ல. மடகாஸ்கர் நம்மகிட்ட இருந்து பிரிஞ்சு போயே சுமாரா 9 கோடி வருசமாச்சு. அத்தனை வருசமா மழை சாத்து சாத்துன்னு சாத்தியும், இன்னும் எப்படி இந்த உசரத்துல நிக்குது? 2019 ஆகஸ்டுல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செண்டிமீட்டருக்கு மேல பேஞ்சுது. நம்மூர்ல ஒரு வருசம் பூரா பேயறதை விட எச்சு. இப்படி அடி வாங்குன மலை இத்தனை காலத்துல மட்டமாகியிருக்கோணுமில்ல?

1998ல கன்னெல், ஃப்ளைத்தூன்னு ரெண்டு பேரு இதுக்கு ஒரு கணக்குப் போட்டாங்க. கடலோரப் பக்கமா மலை அரிச்சுப் பின்வாங்குது. அரிச்ச மண்ணு கடலுக்குப் போயி அங்க அடியில சேருது. இக்கட்ட பாரம் கொறையுது, அக்கட்ட கூடுது. கொறைஞ்ச பக்கம் எந்திரிக்க, கூடுன பக்கம் அமுங்க, மேக்குத் தொடர்ச்சி மலையோட தோளு இப்படித் தூக்கி நிக்குதுன்னு. இதுதான் முழுக் காரணமா, கண்டம் பிரிஞ்சப்பவே எந்திரிச்ச பங்கு எவ்வளவுன்னு படிச்சவிய இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்க. போடட்டும். மலைக்கு அவசரமில்ல.

எனக்கு அந்தச் சண்டையை விடக் கல்லு பேசறது புடிக்கும். ஊட்டியில நீ செல்பி எடுத்தியே, தொட்டபெட்டாவுல, அந்தக் கல்லு சார்னோக்கைட்டு. 250 கோடி வருசப் பழசு. அதுல இருக்கற தாதுக்களைப் பாத்தா, அது பக்குவப்பட்டது நெலத்துக்கு அடியில 20 கிலோமீட்டருக்கும் ஆழத்துலன்னு தெரியுது. ஆழத்துல இருந்த கல்லு, 2,600 மீட்டர் உசரத்துல எப்படி வந்து உக்காந்துச்சு? ஒரே நாள்லயும் இல்ல, ஒரே காரணத்தாலயும் இல்ல. ஆனா மேல இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேஞ்சு, வழிச்சு, கழிஞ்சு போயாகோணும். இல்லாட்டி அது வெளிச்சமே பாத்திருக்காது. நீ செல்பி எடுத்தது மலையோட தலையில இல்ல கண்ணு, அடிவயித்துல. அந்தக் கல்லுக்குப் பேரு வந்த கதையும் நெம்ப நல்லாருக்கும். கல்கத்தாவுல ஜாப் சார்னோக்குன்னு ஒரு கம்பெனி தொரை சமாதி. அதுல போட்ட கல்லு நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லு. ஹாலண்டுன்னு ஒருத்தரு அதைப் பாத்துத்தான் இந்தப் பேரை வெச்சாரு. பரங்கிமலையும் அதே கல்லுத்தான். லாம்டன் சங்கிலி நீட்டுன எடம். மலை மெதக்குதுங்கற கணக்குக்குப் போன கோடு தொடங்குனது எங்கயோ, அங்கயே அதுக்குச் சாட்சியும் கெடந்துது. மனுசன் அது மேல ஏறி நின்னு தூரமாப் பாத்துட்டிருந்திருக்காரு.

கழிஞ்ச மண்ணு எங்க போச்சுன்னு கேக்க மாட்டியா? இமயமலை மண்ணுன்னா கங்கையும் பிரம்மபுத்திராவும் வருசத்துக்குச் சுமாரா 100 கோடி டன் சுமந்துட்டு வருதுக. வங்காள விரிகுடாவுக்கு அடியில விசிறி மாதிரி விரிஞ்சு, இலங்கைக்குக் கெழக்கால போயி, பூமத்திய ரேகையையும் தாண்டி 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெடக்குது. அந்தப் பாரத்துல கடலடியே அமுங்குது. ஆறுன்னா மண்ணைச் சுமக்கறதுதான். நாமதான் நொய்யலுக்குச் சாயத்தைச் சுமக்க வெச்சோம், 2011 சனவரியில ஐகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும்.

போன மாசம் ஒரு கம்பெனியில மோட்டிவேசன் மீட்டிங்குன்னு ஓவர்லாக்கு, பேட்லாக்கு, கைமடிக்கற புள்ளைக எல்லாத்தையும் உக்காத்தி வெச்சாங்களாமா. கோட்டுப் போட்டவன் ஒருத்தன் வந்து, 'மலை மாதிரி அசையாம நில்லுங்க'ன்னு கத்துனானாம். அசையாத மலை எந்த ஊர்ல இருக்குது? அமுங்குது, எந்திரிக்குது, சாயுது, கரையுது, மெதக்குது. அன்னிக்குப் பீஸ் ரேட்டு போனதுதான் மிச்சம்னு ஒரு புள்ளை சொல்லுச்சு. அந்தப் புள்ளைக்குக் கணக்குத் தெரியுது.

இப்ப உன்ற விசயம். கோத்தகிரிப் பக்கத்துல வியூ சைட்டு ஒண்ணு பாத்திருக்கியாமா. சரிவுல மண்ணை வெட்டி மட்டம் பண்ணித் தருவாங்களாமா. நான் வேண்டாம்னு சொன்னதுக்கு, 'அப்பாரு, நீங்கதான சொன்னீங்க, வெட்டுனா மலை எந்திரிக்கும்னு' அப்படீங்கறே. சபாசு. படிச்ச புள்ளை.

எந்திரிக்கும். எப்போ? உன்ற பேரன் பேரனுக்குப் பேரன் மக்கிப்போன பொறவு, நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு எல்லாரும் சேந்து வெட்டியிருந்தா, இத்துனூண்டு. எது எந்திரிக்கும்? பாறை. நீ வெட்டித் தள்ளறது மண்ணு. அந்தப் பாறை வெயில்லயும் மழையிலயும் மக்கி மக்கி, ஆயிரமாயிரம் வருசத்துல ஆன மண்ணு. கீழ இருந்து மண்ணு வராது. வேரும் வராது, சோலையும் வராது. அடியை வெட்டுனா மேல நிக்கற மண்ணு, ஏரி கணக்கும் பாக்காது, பிராட் கணக்கும் பாக்காது. ஒரு ராத்திரி மழையில எறங்கிரும். 2009 நவம்பர்ல நீலகிரியில அப்படித்தான் எறங்குச்சு, 40 பேருக்கு மேல போயிட்டாங்க. 2024 சூலை 30 விடியறதுக்கு முந்தி வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை. அங்க 200 பேருக்கு மேல. அங்க வெட்டுனதாலதான் எறங்குச்சா, மழையே காரணமான்னு பேசறவிய பேசட்டும். சரிவுல மண்ணு எவ்வளவு புடிமானத்துல நிக்குதுன்னு மட்டும் நீ பாத்துக்க.

அந்த புரோக்கரு உன்கிட்ட ஐசோஸ்டஸின்னெல்லாம் பேசுனானா? பேசியிருக்க மாட்டான். 'மிஸ்டு, சார், மிஸ்டு'ன்னுதான் பேசியிருப்பான். பத்திரம் பாத்தியா? மழைத் தண்ணி எந்தப் பக்கம் எறங்குதுன்னு கேட்டியா? மேல் சைட்டுக்காரன் எவ்வளவு வெட்டியிருக்கான்னு நடந்து போயிப் பாத்தியா, இல்ல ட்ரோன்ல எடுத்த படத்தைப் பாத்தே கையெழுத்துப் போட்டுட்டியா?

என்ன, பொட்டாட்ட நிக்கறே? சொல்லு சாமி, அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தே?